கோதண்டபாணி (எ)

திண்டிவனம்
6.8.2025

அன்புள்ள ஜல்... அடித்துவிட்டேன், பார்த்தாயா? அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் அரசப்பன் எழுதுவது. இங்கு நானும் என் பஞ்சர் கடையும் நலம். அங்கு நீ நலமா, உன் கோபம் நலமா?

பத்து நாளாக என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். பொன்னி போனிலிருந்து போட்டேன், அதையும் பிளாக் பண்ணினாய். பக்கத்துக் கடை சகாயராஜ் போனை வாங்கிப் போட்டேன், நான் "ஹலோ" என்றதும் கட். சரி, தபால்காரரை எப்படி பிளாக் பண்ணுவாய் என்று பார்க்கலாம். நான் படித்தது நாலாவது வகுப்பு, அதிலும் முன்பாதிதான். டியூப் முக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எங்காவது நனைந்திருந்தால் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஷாலினி கல்யாணப் பத்திரிகையை அடிக்கும் பொறுப்பை நீதான் என் தலையில் கட்டினாய். "சகாயராஜ் நல்லா அடிப்பாரு மச்சான், நீங்களே பாத்துக்குங்க" என்றாய். பார்த்துக்கொண்டேன். பெண்ணின் தகப்பனார் கோதண்டபாணி என்று அச்சுக் கோக்கும்போது சகாயராஜ் என்னைக் கேட்டான். "யாருண்ணே இந்தக் கோதண்டபாணி? விழுப்புரத்துல உங்க ஜல்தி மாப்ள ஒருத்தரு இருக்காரே, அவரோட அண்ணனா?"

நீயே சொல், நான் என்ன செய்ய? ஊருக்கு ஆள் தெரிய வேண்டாமா? சுவர் போஸ்டரில் போடுகிற மாதிரி பேருக்குப் பக்கத்தில் (எ) ஜல்தி என்று போடச் சொன்னேன். 'என்கிற' என்பதைக்கூட முழுசாகப் போடவில்லை, சின்னதாக ஒரு (எ). அந்த ஒரு எழுத்துக்கு இவ்வளவு கோபமா? பேர் வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நீ முகம் சுளித்ததில்லை. இப்போது மட்டும் என்ன வந்தது?

செப்டம்பர் 4 வந்துவிடும். ஷாலினி நெற்றியில் கட்டப் பட்டம் வாங்கிவிட்டேன், நல்ல ஜரிகை. தாய்மாமன் நான் கட்டாமல் அவள் மணையில் உட்காரப் போவதில்லை. சீக்கிரம் பிளாக்கை எடு. சீக்கிரம் என்பது உன் கணக்கில் எத்தனை மாதம் என்றும் எழுது.

உன் மச்சான்
அரசப்பன்


விழுப்புரம்
9.8.2025

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இனிமேலும் போன் செய்யாதீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' சொல்வேன். நான் ஒரு வார்த்தையை யோசித்து எடுப்பதற்குள் நீங்கள் நாலு கேலி பேசி, நீங்களே சிரித்து, போனையும் வைத்துவிடுவீர்கள். இருபத்தாறு வருடமாக இதுதான் நடக்கிறது. தாளில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பத்திரிகைகளைக் கவரில் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தீர்கள். எதையும் இரண்டு தடவை பார்க்கிற நான் உங்களை நம்பி ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே கண்டமங்கலத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அப்பா வெங்கடாசலம் தட்டிலிருந்து எடுத்துப் பிரித்து, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். "கோதண்டபாணி என்கிற ஜல்தி! இன்னா சம்பந்தி, அவ்ளோ ஜல்தியா? அப்ப கல்யாணத்த நாளைக்கே வெச்சிக்கலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தங்கையும் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சமையல்கட்டிலிருந்து ஒரு குரல், "ஜல்தி மாமாவுக்கு சக்கர தூக்கலா போடு" என்றது.

நாளை அந்த வீட்டுக்குத்தான் ஷாலினி போகிறாள். அவள் ஒரு வேலையைத் தாமதமாகச் செய்தால் என்ன சொல்வார்கள்? "ஜல்தி மகதானே, அப்டிதான் இருக்கும்." வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள். "அப்பா, அந்த வீட்டுலயாவது உங்க பேரு உங்க பேரா இருந்திருக்கக் கூடாதா?" இதற்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

அந்தப் பெயர் எங்கே வந்தது என்று நினைவிருக்கிறதா? என் கல்யாண மேடையில். நான் தாலி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கத்தினீர்கள். "ஜல்தியா கட்டுங்க மாப்ள, அடுத்த முகூர்த்தக்காரன் வந்துடுவான்!" மண்டபமே சிரித்தது. உங்கள் தங்கையின் தலைமுடி முடிச்சில் சிக்கியிருந்தது. இழுத்தால் வலிக்கும் என்று விரலால் பிரித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நான் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றுகிறவன். பார்க்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் அவசரப்பட்டார். இப்போது ஒரு காலோடு இருக்கிறார். எங்கள் வேலையில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை அது. அதைத்தான் நீங்கள் எனக்குப் பெயராக வைத்தீர்கள். நான் முகம் சுளிக்கவில்லை என்கிறீர்கள். என் முகத்தை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? பேசி முடித்ததும் யார் யார் சிரிக்கிறார்கள் என்றுதானே பார்ப்பீர்கள்?

வேறு பத்திரிகை அடித்துவிட்டேன். பஸ் பார்சலில் வருகிறது. நீங்கள் உங்கள் கையால் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும். போகும் இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. இதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் நீங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டாம். பட்டத்தை உங்கள் பெரியப்பா மகன் அய்யப்பன் கட்டட்டும்.

கோதண்டபாணி


திண்டிவனம்
11.8.2025

விழுப்புரம் ரயில்வே கோதண்டபாணி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் 'நீங்கள்' போட்டு எழுதுகிறேன். மரியாதை என்று எண்ணி ஏமாற வேண்டாம். கோபம்.

என் தங்கச்சி மகளுக்கு அய்யப்பன் பட்டம் கட்டுவானா? ஷாலினி குட்டி எந்த வகுப்பு வரைக்கும் படித்தாள் என்று அவனுக்குத் தெரியுமா? அவளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவன் நான். அவள் என் வேட்டியில் என்ன செய்தாள் என்பதை அய்யப்பனிடம் கேளுங்கள், சொல்லட்டும் பார்ப்போம்.

இருபத்தாறு வருஷம் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தீர்களே, அது யார் தப்பு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "மச்சான், வாய மூடு" என்று சொல்லியிருந்தால் மூடியிருக்க மாட்டேனா? மூடியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கொதிக்கவிட்டு, வெளியே சிரித்துக்கொண்டு, திடீரென்று வராதே என்றால் என்ன நியாயம்? விளையாட்டு தெரியாத ஆளுக்குத் தங்கச்சியைக் கொடுத்துவிட்டேன்.

என் வாயில் பேர் வாங்காதவர்கள் யாராவது இருக்கிறார்களா? கட்டின பொண்டாட்டி பொன்னியைத் தாசில்தார் என்றுதான் கூப்பிடுகிறேன். இருபது வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எப்ப சிரிச்சேன்?" என்கிறாள். அவளோடு பிறகு பேசிக்கொள்கிறேன்.

பத்திரிகைகளைத் திரும்ப வாங்கப் போகிறேன். உங்களுக்காக இல்லை. என் தங்கச்சி விசாலாட்சி பொன்னியிடம் போனில் அழுதாளாம், அதற்காக. அந்தப் பேரைச் சொல்லாமல் போய் வருவது என்ன பெரிய வேலை?

அரசப்பன்


திண்டிவனம்
19.8.2025

கோதண்டபாணிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

ஐந்து நாள் கடையைச் சாத்திவிட்டுப் பழைய டிவிஎஸ்ஸில் சுற்றினேன். முதல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். "கோதண்டபாணி வூட்டுக் கல்யாணப் பத்திரிகை, மாத்திக் குடுக்க வந்தேன்" என்றேன். "யாரு கோதண்டபாணி?" "என் மாப்ள." "எந்த மாப்ள?" "விசாலாட்சி வூட்டுக்காரரு." "அட, ஜல்தின்னு சொல்ல வேண்டியதுதானே!" சொல்லக் கூடாது என்றுதானே அம்மா வந்திருக்கிறேன்.

பேரைச் சொல்லாமல் உன்னை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வாசலிலும் யோசித்தேன். மெதுவாகச் சாப்பிடுவார், மெதுவாகச் செருப்பு மாட்டுவார், மெதுவாகச் சில்லறை எடுப்பார். இதைத் தவிர உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் தங்கச்சியைக் கட்டியவன், இத்தனை வருஷம். எனக்கே அசிங்கமாக இருந்தது.

வல்லத்தில் கெங்கம்மாள் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "கோதண்டபாணி தம்பியா? எங்க ஊட்டுக்காரரு விழுப்புரம் ஆஸ்பத்திரில கெடந்தாரே, பதினேழு நாளு. டூட்டி முடிஞ்சி தெனம் வரும். ஒரு வார்த்த பேசாது. தலகாணிய மாத்தும், ஈரத்துணியால காலத் தொடைக்கும், நகம் வெட்டும். அந்தக் கை எவ்ளோ பதனமா இருக்கும் தெரியுமா?" என்றது. எனக்குத் தெரியாது. நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தேன். வார்டில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்கவைத்துவிட்டுப் போனேன். அந்த மனிதருக்குத் தையல் போட்ட வயிறு. சிரிக்க முடியாமல் அவர் கையெடுத்துக் கும்பிட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இதை இங்கே விடு. அடுத்தது கண்டாச்சிபுரம். பாஞ்சாலி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், அது போனில் பேசிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "அக்கா, வெச்சிடு, கொசு வந்துகிறாரு" என்றது.

"இன்னா பாஞ்சாலி, கொசுவுக்கெல்லாம் 'வந்துகிறாரு'ன்னு மரியாத குடுக்கற?" என்றேன். வழக்கம்போல எனக்கு நானே சிரித்தேன். அதன் மூஞ்சி செத்துப்போயிற்று. விடாமல் கேட்டேன். கடைசியில் சொல்லிவிட்டது.

"உங்களைத்தாண்ணா. எல்லாரும் சொல்றதுதான், நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. காதுகிட்ட பாடிக்கினே வருவீங்களாம், கடிச்சிட்டுப் போயிடுவீங்களாம்."

அதற்கப்புறம் போன வீட்டிலெல்லாம் பத்திரிகையை நீட்டும் முன்னால் இதைத்தான் கேட்டேன். பதினோரு வீடு. பதினொன்றிலும் தெரிந்திருக்கிறது. சகாயராஜுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பொன்னியைக் கேட்டேன்.

"எத்தினி வருசமா?"

"இருவது இருக்கும்."

"நீ ஏண்டி சொல்லல?"

"சொன்னா கடிப்பீங்கன்னுதான்."

மூன்று நாளாக டயர் கழற்றும் இரும்பு லீவரை எடுத்தால் யார் மண்டையிலாவது போட வேண்டும் போல இருக்கிறது. யாரோடு பேசினாலும் என் குரலே எனக்கு ங்ஙொய் என்று கேட்கிறது. பஞ்சர் ஒட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவனும் தெருமுனையில் சொல்லிச் சிரிப்பான் என்று தோன்றுகிறது. இருபது வருஷமாகச் சிரித்தார்களே, என் பேச்சுக்கா, என் பேருக்கா?

எந்த நாய் வைத்த பேர் இது? யாரைக் கேட்டாலும் "தெர்ல, எல்லாரும் சொல்றாங்க" என்கிறார்கள். உனக்குத் தெரிந்தால் எழுது. அவன் வீட்டு வாசலில் போய் நிற்காமல் விடமாட்டேன்.

பழைய பத்திரிகைகள் எல்லாம் வந்துவிட்டன. இரண்டு மட்டும் குறைகிறது. அந்த இரண்டு வீட்டிலும் அதன்மேல் தோசை மாவுப் பாத்திரத்தை வைத்து ஒட்டிப்போயிற்றாம்.

அரசப்பன்


விழுப்புரம்
22.8.2025

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் தேடுகிற வீட்டு வாசல் உங்களுக்குத் தெரிந்ததுதான். நுழைந்ததும் இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி, வலது பக்கம் என் சைக்கிள். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

ஷாலினிக்கு இரண்டு வயது இருக்கும். மயிலத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தியில் நான் சாப்பிட்டு எழ நேரமாயிற்று. "இவருக்கு ராத்திரிச் சாப்பாட்டையும் இதே எலையில போட்டுடுங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் நகர்ந்து போனதும் பக்கத்தில் இருந்த பாஞ்சாலியின் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னேன். "கொசு போயிடுச்சா?" அவர் வாயிலிருந்த தண்ணீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். நான் சொல்லி ஒருவர் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அன்றைக்கே இன்னும் மூன்று பேரிடம் சொன்னேன்.

அதன் பிறகு நீங்கள் என்னை ஜல்தி என்று கூப்பிடும்போதெல்லாம் நான் யாரையாவது பார்ப்பேன். அவர்கள் காற்றில் கொசு அடிப்பதுபோல் மெதுவாகக் கை தட்டுவார்கள். நான் வாய் திறக்காமல் சிரித்துக்கொள்வேன். முகம் சுளிக்காத மாப்பிள்ளை என்று நினைத்தீர்களே, அதன் ரகசியம் இதுதான்.

உங்கள் கடிதத்தை ஷாலினியிடம் படித்துக் காட்டினேன். கெங்கம்மாள் சொன்னதைக் கேட்டு அழுதாள். பாஞ்சாலி சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள், பார்வை மாறியது. சின்ன வயதில் அவளே உங்களைக் 'கொசு மாமா' என்று சொல்வாள். ஒரு தடவைகூட நான் அவளைத் திட்டியதில்லை. சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் மகள் கண்டமங்கலத்தில் ஒரு பெயரைச் சுமக்கக் கூடாது என்று கொதித்தவன், அதே மகளின் நாக்கில் இன்னொரு பெயரை ஏற்றியிருக்கிறேன். நான் பேசாதவன் என்பதால் என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பேசாதவனுக்கும் பல் இருக்கிறது. நீங்கள் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். எனக்கு அந்தத் தைரியம்கூட இல்லை.

இதனால் உங்கள் தப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். என் மேலும் வந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். வாசலில் வந்து நிற்பேன் என்று எழுதியிருந்தீர்கள். வந்து நில்லுங்கள்.

அய்யப்பனிடம் பட்டத்தைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை.

கோதண்டபாணி


திண்டிவனம்
27.8.2025

டேய் கோதண்டபாணி,

மாப்பிள்ளை என்று போட மனசு வரவில்லை.

இருபத்து மூன்று வருஷம்! தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாய். என் வீட்டில் கறிக்குழம்பு தின்றாய். உன் அம்மா காரியத்துக்கு நான்தான் பந்தல்காரனைப் பிடித்தேன். அத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால் கை தட்டிக்கொண்டிருந்தீர்களா, எல்லோரும் சேர்ந்து? பந்தியில் யாராவது காற்றில் கை தட்டினால் நான்கூட "ஆமாமா, கொசுத்தொல்லை ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறேனே, எவ்வளவு பெரிய கிறுக்கன் நான்!

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பொன்னி பொறுக்கி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டி வைத்திருக்கிறாள். நாற்றம் பிடுங்குகிறது, ஆனாலும் நாலு தடவை படித்தேன்.

என்னை எது அறுக்கிறது தெரியுமா? நான் உனக்கு வைத்த பேர் பொய். உனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சும்மா மேலே ஒட்டியது. நீ எனக்கு வைத்தது நிஜம். நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒரு இடத்தில்கூடப் பொருந்தாமல் போகவில்லை. பாடிக்கொண்டுதான் வருகிறேன். கடித்துவிட்டுத்தான் போகிறேன். நீ என்னைப் பார்த்திருக்கிறாய். நான் உன்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், இதை விசாலாட்சியிடம் படித்துக் காட்டாதே. நாலாவதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் மாடு மேய்க்கப் போனது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை. வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள், எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வகுப்பே சிரித்தது. நான் மெதுவான பையன், கோதண்டபாணி. உன்னைவிட மெதுவு. அன்றைக்கே முடிவு பண்ணினேன், சிரிப்பு வருகிற பக்கத்தில் நான் நின்றுகொள்ள வேண்டும் என்று. முதலில் நான் ஆரம்பித்துவிட்டால் அடுத்தவன் என் பக்கம் திரும்ப மாட்டான். ஐம்பத்து மூன்று வயசு வரைக்கும் அதே பயத்தில் வாயை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது, உன் நாற்றம் பிடித்த கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிகிறது. இதற்கு உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

கல்யாணத்துக்கு வருகிறேன். உனக்காக வரவில்லை. பட்டம் கட்டுவேன், ஷாலினி குட்டிக்கு மாலை எடுத்துக் கொடுப்பேன், தாலி கட்டும்வரை நிற்பேன். ஒரு கேலி பேச மாட்டேன். அப்புறம் உன் பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறுவேன். தாய்மாமன் சாப்பிடாமல் போனான் என்று கண்டமங்கலத்துக்காரர்கள் உன்னைக் கேட்கட்டும். நீ யோசித்து யோசித்துப் பதில் சொல்.

அரசப்பன்


விழுப்புரம்
30.8.2025

மச்சான்,

இதை உங்கள் தங்கையிடமும் ஷாலினியிடமும் காட்டவில்லை. உங்கள் முந்தின கடிதத்தையும் காட்டவில்லை. பீரோவில் என் சர்வீஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது.

மண்டபம் உங்களுக்குத் தெரியும். பட்டம் கட்டும் நேரம் காலை ஆறே கால். அய்யப்பன் மாலை தொடுக்கிறவனைக் கூட்டி வரும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்வான்.

கோபத்தோடே வாருங்கள். நானும் கோபத்தோடுதான் வாசலில் நிற்பேன். பேச்சு வராவிட்டால் இருவரும் பேச வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இவர் என் மச்சான் அரசப்பன் என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் நினைப்பது நடக்காது. முதல் பந்தியில் உங்களுக்கு ஒரு இலை, அதற்கு எதிரில் எனக்கு ஒரு இலை போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கை வைக்கும்வரை நானும் வைக்க மாட்டேன். நீங்கள் எழுந்து பஸ் நிலையத்துக்குப் போனாலும் நான் அந்த இலைக்கு முன்னால்தான் இருப்பேன். முதல் பந்தி எழட்டும், இரண்டாம் பந்தி எழட்டும், மண்டபத்தைப் பெருக்க ஆள் வரட்டும். திண்டிவனம் போய்ச் சேர்ந்து, கோபம் ஆறி, அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வாருங்கள். அப்போதும் இருப்பேன்.

எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

கோதண்டபாணி